காலாவதியான ஷாம்பு, லோஷன், நெயில் பாலிஷ்: உடம்புக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகுமா?

கூடலழகி_செல்லூர்

டிராயரை ஒழிச்சதுல தேதி முடிஞ்ச சாமான் ஒரு கட்டைப்பை நிறைய சேர்ந்திருக்கு. ஷாம்பு ஒண்ணரை பாட்டில், கண்டிஷனர் ஒண்ணு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் 500 மி.லி. ரெண்டு பாட்டில், சன்ஸ்கிரீன், பாடி லோஷன், வாசலின், நெயில் பாலிஷ் ஏழெட்டு, ரிமூவர், செண்ட், பாடி ஸ்ப்ரே, ஐஷேடோ தட்டு ரெண்டு, லிப்ஸ்டிக், மஸ்காரா, பாதி டியூப் ஹேர் டை. முகத்துக்கும் தலைக்கும் போடப் போறதில்லை, அது முடிவு. மத்தபடி எது எதுக்கு ஆகும், எவ்வளவு ஊத்தணும், எது சாமானைக் கெடுத்துரும்? தண்ணி போர் தண்ணிதான், நல்ல உப்பு. வீடியோவுல வர்ற வித்தையெல்லாம் வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாரஃபின்_பாண்டி

டப்பாவுல ரெண்டு கணக்கு இருக்கும். அச்சடிச்ச தேதி மூடி திறக்காத சரக்குக்கு. மூடி திறந்த டப்பா படம் போட்டு உள்ளே 6 எம், 12 எம்னு இருந்தா, திறந்த நாள்லேர்ந்து அத்தனை மாசம். எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. சித்திரை, வைகாசியில 40 டிகிரியைத் தாண்டுற ஊர்ல, மேற்கு வெயில் அடிக்கிற ரூம் அலமாரியில இருந்தா தேதிக்கு முன்னாடியே கெட்டுப் போகும்.

கெடுறது என்ன? கிருமி வராமப் பாத்துக்குற மருந்து வீரியம் குறையும். வாசனை மாறும். எண்ணெயும் தண்ணியும் பிரியும். ஆனா அழுக்கு எடுக்குற சரக்கு, பாரஃபின், அசிட்டோன், கலர்ப்பொடி இதெல்லாம் அவ்வளவு சுலபத்துல கெடாது. அதனால டப்பாவோட பேரைப் பாக்காதீங்க, பின்னாடி இருக்குற பொருள் பட்டியலைப் பாருங்க. எது அதிகமோ அதுதான் முதல்ல வரும். முதல் அஞ்சு பேரைப் படிச்சாலே அது சோப்பு ரகமா, எண்ணெய் ரகமா, ஸ்பிரிட் ரகமான்னு பிடிபட்டுரும். வேலையை அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

எதுக்குமே ஆகாதது: பூஞ்சை பிடிச்சது, அழுகல் வாடை அடிக்கிறது, டியூப் உப்பிக்கிட்டு நிக்கிறது, கண்ணுக்குப் போடுற ஈரமான மை, மஸ்காரா. அப்புறம், பட்டியலே இல்லாத சிவப்பழகு கிரீம். அதுல பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. பட்டியல்ல மெர்க்குரி, காலமெல்னு எதாவது தட்டுப்பட்டா செருப்புக்குக்கூடத் தடவாதீங்க. மூடி இறுக்கி, கவர்ல கட்டித் தனியா ஒதுக்குங்க.

சுங்குடிக்கரை

ஷாம்புல ஆரம்பிக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் துணி சோப்பை விட ஷாம்புதான் நல்லது, தேதி முடிஞ்சிருந்தாலும். பட்டு, கம்பளி, முடி மூணுமே புரதம்தான். துணி சோப்போட காரம் பட்டை மொரமொரன்னு ஆக்கிரும். ஷாம்புல அந்தக் காரம் கிடையாது. உப்புத் தண்ணியில சோப்பு திரிஞ்சு வெள்ளைப் படிவா ஒட்டும், ஷாம்பு ஒட்டாது. இவங்க வீட்டுத் தண்ணிக்கு அது பெரிய சௌகரியம்.

அளவு: 5 லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன். அதுக்கு மேல ஊத்தினா நுரை போக நாலு அலசு அலசணும், ஒவ்வொரு அலசுலயும் சாயம் போகும். முதல்ல தண்ணியில ஷாம்பைக் கலக்கிட்டு அப்புறம்தான் துணி. துணி மேல நேரா ஊத்தினா அந்த இடம் மட்டும் திட்டா வெளுத்துப் போக வாய்ப்பிருக்கு. மூணு நிமிஷம் அமுக்கி எடுங்க. முறுக்கக் கூடாது. நிழல்ல காயப் போடுங்க. ஜரிகை வச்ச கனமான பட்டு வீட்டுத் தண்ணி பக்கமே வரக் கூடாது, அது டிரை கிளீனிங்.

சுங்குடிக்கு முந்தியில ஒரு ஓரத்தைச் சோதிச்சுப் பாருங்க. ஷாம்பு தண்ணியில நனைச்ச வெள்ளைத் துணியை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. சாயம் ஏறினா அந்தச் சேலையைத் தனியாத்தான் அலசணும். முதல் ரெண்டு மூணு தடவை கல் உப்பு ஒரு கைப்பிடி போட்ட பச்சைத் தண்ணி மட்டும் போதும்.

டூ இன் ஒன் ஷாம்பு துணிக்கு வேண்டாம், சிலிக்கான் படிஞ்சு வழவழன்னு ஆயிரும். கறுப்புக் கலர் ஷாம்பும் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மல்லிப்பந்தல்

அப்ப கண்டிஷனரைக் கடைசி அலசுல கம்ஃபர்ட் மாதிரி ஊத்தலாமாக்கா? ஷாம்பையும் அதையும் ஒண்ணாக் கலந்து ஒரே வேலையா முடிச்சா என்ன?

பாரஃபின்_பாண்டி

ஒண்ணாக் கலக்கக் கூடாதும்மா. ஷாம்புல அழுக்கு எடுக்குற சரக்குக்கு எதிர்மின்னூட்டம், கண்டிஷனர்ல இருக்குற பெஹென்ட்ரைமோனியம், செட்ரைமோனியம் வகைக்கு நேர்மின்னூட்டம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுத் தயிர் மாதிரி திரியும். நுரையும் வராது, மென்மையும் வராது, திட்டுத்திட்டா ஒட்டும். ஷாம்பு நல்லா அலசிப் போன பிறகு, 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கண்டிஷனர். ஒரு டம்ளர் வெந்நீர்ல கரைச்சு ஊத்துங்க, இல்லைன்னா கட்டி கட்டியா நிக்கும். வாஷிங் மிஷின் டிராயர்ல ஊத்தாதீங்க, கெட்டியா இருக்குறதால குழாய் அடைக்கும்.

துண்டுக்கு வேண்டாம், ஈரம் உறிஞ்சாது. குழந்தைத் துணி, உள்ளாடை கூடவே கூடாது.

சுங்குடிக்கரை

சுங்குடிக்கும் வேண்டாம்னு சேர்த்துக்கங்க. கண்டிஷனர் பட்ட பருத்தியில கஞ்சி போட்டா மொடமொடப்பு நிக்காது. ஜன்னல் திரை, போர்வை, சோபா உறை, அதோட நிறுத்திக்கலாம்.

வைகைக்கரை_வாத்தியார்

ஒரு சந்தேகம். கிருமித் தடுப்பு வீரியம் குறைஞ்ச சரக்குன்னு மேலே நீங்களே சொல்றீங்க. அதைப் போர்வையில போட்டு ராத்திரி முழுக்க முகத்து மேல போர்த்தினா, முகத்துக்கு நேரா போட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பாரஃபின்_பாண்டி

நியாயமான கேள்விங்க சார். அளவுலதான் வித்தியாசம். 10 லிட்டர்ல ஒரு ஸ்பூன் கரைஞ்சு, பிழிஞ்சு, மதுரை வெயில்ல காய்ஞ்ச பிறகு துணியில நிக்கிறது ரொம்பக் கொஞ்சம். கிருமி வளர ஈரமும் வேணும். ஆனா பாட்டில் திறந்தா வாடை மாறியிருக்கு, தண்ணியா ஓடுது, நிறம் மாறியிருக்குன்னா அந்த வாதம் நிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். தோல் நோய், ஆஸ்துமா இருக்குறவங்க வீட்டுல போர்வையையும் விட்டுட்டு ஜன்னல் திரையோட நிறுத்திக்கங்க. போர்வை விஷயத்துல உங்க பக்கமே இருக்கட்டும்.

ஷாம்புக்கு நம்பகமான வேலை இன்னும் இருக்கு. சீப்பும் தலைவாரு பிரஷ்ஷும்: முதல்ல முடியை எடுத்துருங்க. ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் ஷாம்பு, 15 நிமிஷம் ஊறணும், பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. தலை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் ஷாம்பு பொறந்ததே. மரப்பிடி பிரஷ், அடியில ரப்பர் மெத்தை உள்ளதை முழுக்க முக்காதீங்க, மெத்தைக்குள்ள தண்ணி நின்னு நாறும். கொசு வலை, ஏசி ஃபில்டர், ஹெல்மெட் உள்துணி, எல்லாம் இதே அளவு. பொடுகு ஷாம்பு தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க. அதுல பெரும்பாலும் இருக்குற துத்தநாகப் பைரித்தியோன் மீனுக்கும் மண்ணுல இருக்குற நுண்ணுயிருக்கும் விஷம்.

செக்கடி_திருமங்கலம்

தலை எண்ணெய் ரெண்டு பாட்டில்னு போட்டிருக்கீங்க. அது தேங்காய் எண்ணெயா, தேங்காய் எண்ணெய் மாதிரியா? லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தா அது சமையல் எண்ணெயாப் பதிஞ்ச சுத்தத் தேங்காய் எண்ணெய். "லைட் லிக்விட் பாராஃபின்", "மினரல் ஆயில்"னு இருந்தா பெட்ரோலியத்துல இருந்து வந்த எண்ணெய் கலந்தது. (இந்த வித்தியாசம் சாதாரணப்பட்டது இல்லை. சின்ன பாட்டில்ல விக்கிறாங்கங்கிறதுக்காக மட்டும் தேங்காய் எண்ணெயைத் தலை எண்ணெய்னு வரி போட முடியாதுன்னு 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியிருந்துச்சு.)

சுத்தத் தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிச்சாலும் துணி சோப்புக்கு அருமையா வரும். உப்புத் தண்ணியிலயும் நுரை வர்ற சோப்பு இது ஒண்ணுதான்னு சொல்லலாம்.

எண்ணெய் 500 மி.லி., அதாவது 460 கிராம்.
காஸ்டிக் சோடா 81 கிராம்.
தண்ணி 165 மி.லி., ஆர்.ஓ. தண்ணி அல்லது காய்ச்சி வடிச்சது.

பெரும்பாலானவங்க தப்புறது மில்லியையும் கிராமையும் ஒண்ணா நினைச்சு. 500 மில்லியை 500 கிராம்னு எடுத்து காஸ்டிக் 92 கிராம் போட்டா, எண்ணெய்க்கு மிஞ்சின காஸ்டிக் சோப்புலயே நின்னுக்கிட்டு கையை அரிச்சுரும். ஒரு கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு இல்லாம இந்த வேலையில இறங்கவே கூடாது.

மொட்டை மாடியில, கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு செய்யணும். குழந்தைகள் அங்கிட்டு வரக் கூடாது. காஸ்டிக்கைத்தான் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். தண்ணியைக் காஸ்டிக் மேல ஊத்தினா கொதிச்சு முகத்துல தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, காஸ்டிக் அதை அரிச்சு ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர்தான். கரைசல் தானாவே கையில பிடிக்க முடியாத சூடு ஏறும், வெதுவெதுப்பா ஆறினப்புறம் எண்ணெயில மெதுவா ஊத்தி மரக்கரண்டியால ஒரே பக்கமாக் கிண்டுங்க. கரண்டியைத் தூக்கினா விழுற கோடு மேலேயே ஒரு நொடி நிக்கணும், தோசை மாவுப் பதம். சிக்கு எண்ணெய் புது எண்ணெயை விடச் சீக்கிரம் இறுகும், பராக்குப் பாக்காதீங்க. பால் கவர் விரிச்ச அட்டைப் பெட்டியில ஊத்தி, மறுநாள் காலையிலேயே துண்டு போட்டுருங்க. ரெண்டு நாள் விட்டா கத்தி இறங்காது, உடையும். நாலு வாரம் காத்தாட அடுக்கி வச்சப்புறம் துணிக்கும் பாத்திரத்துக்கும் மட்டும். கையில தெறிச்சா ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். எலுமிச்சம்பழம் பிழியுற வேலை வேண்டாம்.

மினரல் ஆயில் கலந்த எண்ணெயில இதைச் செய்யவே கூடாது. அது காஸ்டிக்கோட சேராது. எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியாததால மிஞ்சுற காஸ்டிக்கும் எவ்வளவுன்னு தெரியாது.

மல்லிப்பந்தல்

விளக்குக்கு ஊத்திரலாம்னு பக்கத்துல சொல்றாங்களே அண்ணே?

செக்கடி_திருமங்கலம்

சுத்தத் தேங்காய் எண்ணெய்னா எரியும், சிக்கு வாடை கொஞ்சம் வரும். பூஜை ரூம்ல வேண்டாம்னு நினைக்கிறவங்க வாசல் மாடத்துல வச்சுக்கலாம். பாராஃபின், செண்ட், கலர் கலந்ததை ஊத்தினா புகைஞ்சு சுவர்ல கரி படியும். மூடின ரூம்ல அந்தப் புகையைச் சுவாசிக்கிறது நல்லதில்லை. அந்த எண்ணெய்க்கு வேற வேலை இருக்கு: இரும்பு. கதவுக் கீல், ஷட்டர் ஓடுற தடம், அருவாமனை தவிர்த்த அருவா, மண்வெட்டி, கடப்பாரை. துருவை உப்புத்தாள்ல தேய்ச்சு, துணியில தொட்டு மெல்லிசாப் பூசுங்க. மினரல் ஆயில் சிக்கும் பிடிக்காது, பிசினாவும் ஆகாது. இந்த ஒரு இடத்துல சுத்தத் தேங்காய் எண்ணெயை விட இது மேல். ஆனா பூட்டுச் சாவித் துவாரத்துக்குள்ள எந்த எண்ணெயும் விடாதீங்க, தூசி சேர்ந்து கட்டியாயிரும். அங்கே பென்சில் கரித்தூள்தான்.

ஒயர்மேன்_ஒத்தக்கடை

வாசலினை ஒருத்தரும் தொடலையே. இன்வர்ட்டர் பேட்டரி முனைக்கு அதைத்தான பூசுறோம். தேதி முடிஞ்சதெல்லாம் கணக்கே இல்லை, அது தண்ணியில்லாத சரக்கு.

இன்வர்ட்டரை அணைச்சு பிளக்கை உருவிட்டு, முதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் கழட்டணும். மாட்டும்போது தலைகீழ். ஸ்பேனர் ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல படக் கூடாது. கையில மோதிரம், வளையல் இருந்தா கழட்டிருங்க. வெள்ளை, பச்சையாப் பூத்திருக்குறதுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, பழைய பிரஷ்ல தொட்டுத் தேய்ங்க. மேல் மூடி ஓட்டைக்குள்ள அந்தத் தண்ணி ஒரு சொட்டும் போகக் கூடாது, ஆசிட் கெட்டுரும். ஈரமில்லாமத் துடைச்சு, போல்ட்டை முறுக்கினதுக்கு அப்புறம்தான் வாசலின், அதுவும் வெளிப்பக்கம் மெல்லிசா. முறுக்குறதுக்கு முன்னாடி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவுல அப்பினா கனெக்‌ஷன் லூஸ் ஆகிச் சூடேறும். இதைத்தான் நிறையப் பேரு தப்பாப் பண்றாங்க.

பாடி லோஷனை வாசலின்னு நினைச்சுப் பூசாதீங்க, அதுல பாதிக்கு மேல தண்ணி. வாசலின் ரப்பருக்கும் ஆகாது. குழாய் வாசர், ரப்பர் கையுறை ஊதிப் பிசுபிசுக்கும்.

சுங்குடிக்கரை

பாடி லோஷன் தோல் செருப்பு, பெல்ட், கைப்பைக்கு ஆகும். ஈரத்துணியில தூசியைத் துடைச்சுக் காய வச்சுட்டு, ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தேய்ச்சு, 20 நிமிஷம் கழிச்சுக் காஞ்ச துணியில பளபளக்கத் துடைக்கணும். வெளிர் நிறத் தோல் கறுத்துப் போகும், அடிப்பக்கம் சோதிச்சுக்கங்க. நிறையப் பூசி ஐப்பசி மழையில அலமாரியில மூடி வச்சா பூஞ்சைதான். வெல்வெட் மாதிரி மொசமொசன்னு இருக்குற தோலுக்குக் கூடாது. ரெக்சின்ல உறிஞ்சாது, மேலேயே நின்னு தூசி பிடிக்கும்.

மல்லிப்பந்தல்

சன்ஸ்கிரீன் புது எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கர் பசையை எடுக்குது. பத்து நிமிஷம் தடவி வச்சாப் போதும், உரிஞ்சு வந்துருது.

பாரஃபின்_பாண்டி

எடுக்கும், அதுல இருக்குற எண்ணெய்தான் பசையை இளக்குது. வெளிப்பக்கம் மட்டும் வச்சுக்கங்க, அப்புறம் பாத்திர சோப்புல கழுவுங்க. உள்பக்கத்துக்குச் சாப்பிடுற தேங்காய் எண்ணெய் போதும்.

துணியில மட்டும் பட்டுறக் கூடாது. பட்டியல்ல அவோபென்சோன் அல்லது பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் இருந்தா, அது தண்ணியில இருக்குற இரும்போட சேர்ந்து காவிக் கறையா மாறும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணியில வெள்ளைச் சட்டைக் காலர் துவைக்கத் துவைக்கக் காவியாகுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பாத்து பிளீச்சிங் ஊத்தினா இன்னும் அழுத்தமாப் பிடிக்கும். துருக்கறைக்குச் செய்றதுதான் இதுக்கும்: அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு, கறை மேல அரை மணி நேரம், அப்புறம் அலசு.

விளாச்சேரி_வண்ணம்

ஐஷேடோ தட்டை யாரும் தூக்கிப் போட்டுறாதீங்க. கொலு பொம்மையில நகை, கிரீடம், சேலைக்கரை மங்கிப் போன இடத்துக்கு இந்த மினுமினுப்பு மாதிரி வராது. அபிரகப் பொடியும் (மைக்கா) இரும்பு ஆக்சைடும் கெட்டுப் போற பொருளே இல்லை.

பட்டியல் கடைசியில "சி.ஐ."ங்கிற நிறக் குறியீட்டு எண்கள் இருக்கும். 77-ல ஆரம்பிக்கிற அஞ்சிலக்க எண் பெரும்பாலும் மண், உலோக நிறங்கள்: 77491 செங்காவி, 77492 மஞ்சள், 77499 கறுப்பு, 77891 வெள்ளை, 77019 அபிரகம். இதெல்லாம் நிறம் நிக்கும். 75470-ன்னு இருந்தா அது பூச்சியிலேர்ந்து எடுக்குற சிவப்பு, வெளிச்சத்துல வெளிறிப் போகும். அம்மன் சேலைக்கு அந்தச் சிவப்பைப் பூசிட்டு அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்து வருத்தப்படாதீங்க.

முறை: பொடியைச் சுரண்டி கரண்டி முதுகால நல்லா நுணுக்குங்க. கால் டீஸ்பூன் பொடிக்கு ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைச்சுக்கங்க. அழுத்தி வச்ச ஐஷேடோல சிலிக்கானும் எண்ணெயும் இருக்கும். நேராப் பசையில போட்டா முத்து முத்தாப் பிரிஞ்சு நிக்கும், பூச வராது. ஸ்பிரிட் காஞ்சதும் வெள்ளை ஃபெவிகால் அரை டீஸ்பூன், அதே அளவு தண்ணி. பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ல மெல்லிசா ரெண்டு கோட்டிங், நடுவுல ஒரு மணி நேரம். ஒரே தடவை தடிப்பா இழுத்தா காயும்போது வெடிக்கும்.

சில பேரு கலரில்லாத நெயில் பாலிஷ்ல கலக்கச் சொல்வாங்க. வளையல், பெட்டி மூடிக்கு சரி. பழைய பொம்மைக்கு வேண்டாம். நெயில் பாலிஷ் கரைப்பான் பழைய பெயின்ட்டையும் சேர்த்துக் கரைச்சு, முகமே இழுபட்டுப் போகும். காகிதக்கூழ் பொம்மையோ களிமண் பொம்மையோ, எதுன்னாலும் முதல்ல பீடத்து அடியில தொட்டுப் பாருங்க.

கூடலழகி_செல்லூர்

இது எதிர்பாக்காததுங்க, நன்றி. நெயில் பாலிஷ் எல்லாம் பாகு மாதிரி இறுகிப் போச்சு. ரிமூவர் ஊத்தி இளக்கலாமா?

விளாச்சேரி_வண்ணம்

ரிமூவர் வேண்டாம்மா. அசிட்டோன் சட்டுன்னு பறந்துரும், படலம் மங்கிப் போய்ப் பொடிப்பொடியா உதிரும். நெயில் பாலிஷ் தின்னர்னு கேட்டு வாங்குங்க, எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் இருக்கும். பாட்டிலுக்கு ரெண்டு மூணு சொட்டு. குலுக்கினா குமிழி வரும், உள்ளங்கையில வச்சு உருட்டுங்க. அதுக்கும் இளகலைன்னா விட்டுருங்க.

இளகினதுக்கு வேலை நிறைய. ஒரே மாதிரி இருக்குற சாவிகளுக்குக் கலர் அடையாளம். குக்கர் மூடியும் பிடியும் பொருந்துற இடத்துல வெளிப்பக்கம் ஒரு புள்ளி. ஷூ லேஸ், நைலான் கயிறு நுனி பிரியாம இருக்க ஒரு முக்கு. ஜன்னல் கொசு வலையில ஊசி போற அளவு கிழிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சொட்டு. கவரிங் நகை உடம்புல படுற பக்கத்துக்குக் கலரில்லாதது: ஸ்பிரிட்ல துடைச்சுட்டு, மெல்லிசா ரெண்டு கோட்டிங், அரை மணி இடைவெளி, ராத்திரி முழுக்கக் காயணும். சில வாரம்தான் நிக்கும். நிக்கல் ஒத்துக்காம அரிப்பு எடுக்குறவங்க இதை நம்பக் கூடாது. சாப்பாடு படுற எந்தச் சாமானுக்கும் கூடாது.

ஒயர்மேன்_ஒத்தக்கடை

நெயில் பாலிஷ், ரிமூவர், செண்ட் மூணும் பெட்ரோல் மாதிரி பிடிக்கிற சரக்கு. அடுப்படி, விளக்கு மாடம் பக்கத்துல வச்சு செய்யாதீங்க. ஜன்னலைத் திறந்து வைங்க.

ரிமூவர் கண்ணாடி, டைல்ஸ்ல இருக்குற மார்க்கர் மை, ஃபெவிகுவிக் கறையை எடுக்கும். பஞ்சுல தொட்டு ஒரு நிமிஷம் ஒத்தி வச்சுச் சுரண்டணும். ஸ்விட்ச் போர்டு, டிவி, மிக்ஸி மூடி, ஹெல்மெட் கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம், ஒண்ணுலயும் படக் கூடாது. மேல்தோலே இளகி மங்கிரும். பழைய செண்ட்ல ஸ்பிரிட்தான் அதிகம், முகம் பாக்குற கண்ணாடியைத் துடைக்கலாம். பஞ்சுல நனைச்சு, ஓட்டை போட்ட சின்ன டப்பாவுல வச்சு செருப்பு அலமாரியில போடலாம்.

சுங்குடிக்கரை

பட்டுப்புடவை அலமாரியில அந்தப் பஞ்சு வேண்டாம். ஜரிகை கறுக்கும்.

வைகைக்கரை_வாத்தியார்

மிச்சமானதைச் சாக்கடையில ஊத்துறதைப் பத்தியும் யாராவது சொல்லணும். செல்லூர்ப் பக்கம் ஊத்துறது பந்தல்குடி வாய்க்கால் வழியா நேரா வைகைக்குத்தான் போகும்.

பாரஃபின்_பாண்டி

ஷாம்பு, கண்டிஷனர் கொஞ்சம்னா துவைக்கிற தண்ணியோட போறதுதான், அது தினமும் போறது. கிரீம், லோஷன், எண்ணெயை ஊத்தாதீங்க. பழைய செய்தித்தாள்லயோ மரத்தூள்லயோ உறிஞ்ச விட்டுக் கட்டி மக்காத குப்பையில குடுங்க. நெயில் பாலிஷ் மூடியைத் திறந்து, காத்தோட்டமா, நெருப்பு இல்லாத இடத்துல கல்லாக் காய விட்டுட்டுக் குடுங்க. தூய்மைப் பணியாளர் கையில குடுக்கும்போது இது கெமிக்கல்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.

ஹேர் டை டியூபைத் தனியாக் கட்டுங்க. கலந்து மிஞ்சின டையை மூடி போட்ட பாட்டில்ல வைக்கவே கூடாது; பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கிட்டே இருக்கும், பாட்டில் உப்பி வெடிக்கும். பாடி ஸ்ப்ரே உள்ளே இருக்குறது அடுப்புல எரியிற அதே வகை வாயு. ஓட்டை போடாதீங்க, குப்பையோட கொளுத்தாதீங்க, 50 டிகிரிக்கு மேல வைக்காதீங்கன்னு டப்பாவுலயே இருக்கும். வெயில்ல நிக்கிற கார் உள்ளே அந்தச் சூட்டைச் சுலபமாத் தாண்டிரும். மொட்டை மாடியில காத்தோட அடிச்சுத் தீர்த்துட்டு, காலி டப்பாவை மக்காத குப்பையில போடுங்க.

மல்லிப்பந்தல்

லிப்ஸ்டிக் விட்டுப்போச்சு. கொலுசு விளக்குமா, விளக்காதா?

விளாச்சேரி_வண்ணம்

கொஞ்சம் விளக்கும், அதுல இருக்குற நிறப்பொடி உரசுறதால. விளக்கினதை விட, கண்ணியில சிக்கின மெழுகைச் சுரண்டி எடுக்க ஆகுற நேரம் ஜாஸ்தி. தேதி முடிஞ்ச வெள்ளைப் பேஸ்ட் இருந்தா அதுவே மேல். பித்தளைக்குப் புளி இருக்க இது ரெண்டும் எதுக்கு? காப்பி நிற லிப்ஸ்டிக்னா மர பீரோக் கீறல்ல அப்பித் துடைக்கலாம். ஆனா அது இறுகாது, சேலையில ஒட்டும், அதனால கைபடாத பக்கத்துக்கு மட்டும். மஸ்காராவைத் தூக்கிப் போட்டு பிரஷ்ஷை மட்டும் ஷாம்புல கழுவிக் காய வைங்க, தையல் மிஷின் பாபின் கூட்டுல சேர்ற பஞ்சை எடுக்க அதை மாதிரி ஒரு பிரஷ் கடையில கிடைக்காது.

கூடலழகி_செல்லூர்

எண்ணெய் பாட்டில் ரெண்டையும் கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுல 14 இலக்க எண் இருக்கு, தேங்காய் எண்ணெய் மட்டும். இன்னொண்ணுல முதல் பேரே லைட் லிக்விட் பாராஃபின், தேங்காய் எண்ணெய் மூணாவது. ரெண்டையும் கலந்து ஒரே ஈடா சோப்பு போட்டுறலாமாண்ணே?

செக்கடி_திருமங்கலம்

கலக்காதீங்க தங்கச்சி. முதல் பாட்டில் முழுசா இருந்தா மேலே குடுத்த அளவு அப்படியே பொருந்தும். பாதிதான் இருந்தா தராசுல வச்சு எண்ணெய் எத்தனை கிராம்னு பாத்து, அதை 0.176-ஆல பெருக்குங்க, அதுதான் காஸ்டிக் கிராம். தண்ணி காஸ்டிக்கைப் போல ரெண்டு மடங்கு. ரெண்டாவது பாட்டில் கேட் கீலுக்கும் மண்வெட்டிக்கும். மூடியில ஆணியால ஒரு ஓட்டை போட்டு வச்சுக்கங்க, சொட்டு சொட்டா விட வசதியா இருக்கும். மேலே பெருசா "இரும்புக்கு மட்டும்"னு எழுதி ஒட்டிருங்க, யாராவது தலையில தேய்ச்சுக்கப் போறாங்க.